இடக்கைப் பேத்திக்கு எந்த மட்டை?

கோவில்பட்டி,
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு,

நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். மாப்பிள்ளையையும் யாழினியையும் கேட்டதாகச் சொல்லு. நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். நீலத் தரையில் யாழினி குனிந்து ஹாக்கி மட்டையைப் பிடித்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

போனில் இரண்டு கேள்வி கேட்டாய். "அப்பா, நீங்க ஆடின ஆட்டமும் இதுவும் ஒண்ணுதானா?" என்பது முதல் கேள்வி. யாழினிக்கு இடக்கைப் பழக்கம், அவளுக்கென்று இடக்கை மட்டை கிடைக்குமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாலந்தில் நீ குடியிருக்கும் ஆம்ஸ்டெல்வேன் எனக்குப் பத்து வயசிலேயே கேள்விப்பட்ட ஊர். 1973 ஹாக்கி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. நாமும் ஹாலந்தும் 2-2 என்று நின்று, கடைசியில், கோல்கீப்பரை மட்டும் எதிரில் நிறுத்தி அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தோற்றோம். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது அங்கே இருந்தது புல்தரை. இரண்டு வருஷம் கழித்து, 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து அதே கோப்பையை வாங்கினோம். அதுவும் புல்தரை. அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக். ஒலிம்பிக்கில் முதன்முதலாக செயற்கைத் தரை போட்டார்கள். நமக்குக் கிடைத்தது ஏழாவது இடம்.

ரொம்ப வருஷம் என் பதில் இதுதான்: எங்கள் ஆட்டம் 1976-இல் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நடப்பது வேறு ஆட்டம். 1980-இல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கினோம். ஆனால் பல நாடுகள் வராத ஒலிம்பிக் அது. 1986 உலகக் கோப்பையில் கடைசி இடம். 2008-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. எட்டுத் தங்கம் வாங்கிய நாடு! தோல்விக்கெல்லாம் தரை ஒன்றையே குற்றம் சொல்வது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் தரை மாறினால் என்ன ஆகும் என்பதை நான் என் காலாலேயே அறிந்தவன்.

நாங்கள் ஆடியது தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருந்த கரிசல் மைதானம். வெயில் காலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். சரளையும் கிடக்கும். பந்து நேராக உருளவே உருளாது. எங்கே எகிறும், எங்கே சாகும் என்று கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்து கணிக்க வேண்டும். அந்தத் தரையில் பந்தை நிறுத்துவதே ஒரு வித்தை. நிறுத்தத் தெரிந்தவனிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாது. அதனால் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, உருட்டி, பக்கத்தில் நிற்பவனுக்குச் சின்னதாகத் தட்டி, திரும்ப வாங்கி முன்னேறுவோம். நீளமாக அடித்தால் பந்து போய்ச் சேரும் என்பது நிச்சயமில்லை.

1980-களின் கடைசியில் ஒரு போட்டிக்காக வடக்கே ஒரு ஊருக்குப் போனோம். டர்ஃப் என்கிற செயற்கைத் தரை மேல் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். எதிரணியில் பின்னால் நின்று தடுக்கும் ஃபுல் பேக் அடித்த பந்து நாற்பது கெஜம் தாண்டி, ஒரு எகிறல் இல்லாமல், கோடு கிழித்த மாதிரி வந்தது. நான் பழக்கப்படி மட்டையை நிமிர்த்தி வைத்தேன். மட்டைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவர்கள் மட்டையைத் தரையோடு படுக்க வைத்து ஒரு சுவர் மாதிரி நிறுத்தினார்கள். எங்களில் பத்து வருஷம் பழகியவன் மட்டும் செய்யக்கூடியதை அவர்களில் ஒவ்வொருவனும் செய்தான். இருபது நிமிஷத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. விழுந்தவர்களுக்கு முழங்கால் தோல் தீப்பட்ட மாதிரி உரிந்தது. ஆறு கோல் வாங்கினோம். திரும்பி வரும் ரயிலில் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. சட்டத்தை மாற்றினால் ஆடுகிறவன் ஒரு சீசனில் பழகிவிடுவான். தரையை மாற்றினால் யார் ஆட்டக்காரன் என்பதே மாறிப்போகும். மணிக்கட்டுக்கு இருந்த மவுசு நுரையீரலுக்கும் தொடைக்கும் போய்விட்டது.

சட்ட மாற்றங்களையும் சொல்கிறேன், யாழினி கேட்டால் உனக்கு உதவும். 1992-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்றார்கள். எங்கள் காலத்தில் பெரும்பாலும் எழுபது நிமிஷமும் நீயேதான் ஓட வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் ஆஃப்சைடையே, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்ற சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்வரிசையில் வலப்பக்கம், ரைட் இன்னாக ஆடியவன் நான். ஃபுல் பேக்குகளைத் தாண்டும் அந்த ஒரு நொடியைக் கணிப்பதுதான் என் தொழிலே. இன்று ஃபார்வேர்டு கோல்கீப்பர் பக்கத்திலேயே போய் நிற்கலாம். ஆனால் 2009-இல் வந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபவுலுக்குப் பிறகு பந்தை இன்னொருவனுக்குத் தள்ளாமல், தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். தரை பிடுங்கிக்கொண்ட, பந்தை உருட்டிக்கொண்டே முன்னேறும் டிரிபிளிங்கில் கொஞ்சத்தை அந்தச் சட்டம் திருப்பிக் கொடுத்தது.

இப்போது மட்டைக்கு வருகிறேன். என் பழைய பதிலை மாற்றியது அதுதான். மரமட்டை போய் கார்பன் மட்டை வந்ததும், அடி இடி மாதிரி ஆகிவிட்டது, கலை போச்சு என்று நானும் புலம்பியவன்தான். பிறகு யோசித்தேன். எங்கள் மணிக்கட்டு வித்தை மட்டும் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஆதியில் இருந்த மட்டைக்கு அடி வளைவு நீளம். அதை வைத்துக்கொண்டு பந்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சட்டென்று மாறி ஆட முடியாது. நம் பக்கத்தில் முசுக்கொட்டை மரத்தை இறுக்கி வளைத்து, அந்த அடி வளைவை, அதாவது மூக்கைக் குட்டையாக்கினார்கள். அந்தக் குட்டை மூக்கு வந்த பிறகுதான் மட்டையைத் திருப்பித் திருப்பி ஆடும் ஆட்டம் முழுசாகக் கைவந்தது. அதுவும் ஒரு கருவி மாற்றம்தானே, தாயி? நமக்குச் சாதகமாக இருந்ததால் அதைக் கலை என்றோம். மற்றவர்களுக்குச் சாதகமாக வந்ததை அழிவு என்றோம். இது புரிய எனக்கு ஐம்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு வருத்தம் மட்டும் போகவில்லை. தரை மாறியதில் தப்பில்லை. மாறிய தரை எங்கள் பிள்ளைகளிடம் வந்து சேர இத்தனை காலம் ஆனதுதான் தப்பு. அதற்குள் ஹாலந்துப் பிள்ளைகள் அதிலேயே வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். அந்தத் தரைக்குத் தண்ணீர் வேறு தெளிக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர் நம் ஊர். இப்போது இங்கேயும் செயற்கைத் தரை இருக்கிறது. அரியலூர் கார்த்தி செல்வம் நம் ஊரில் பயிற்சி எடுத்துத்தான் இந்திய அணிக்குப் போனான். 2023-இல் எழும்பூரில் மலேசியாவுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வாங்கினார்களே, அந்த அணியில் இருந்தவன். அவன் பந்து வாங்கும்போது பார்த்தேன். மட்டையைப் படுக்கவைத்தான், அடுத்த நொடி மணிக்கட்டைத் திருப்பினான். எங்கள் ஆட்டம் முழுசாகச் சாகவில்லை என்று அப்போது தோன்றியது.

ஆகவே உன் முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஆட்டம் அடியோடு மாறிவிட்டது. ஆனால் இரண்டு விஷயம் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கோல் ஆக வேண்டுமென்றால் கோலுக்கு முன்னால் வரைந்த 'டி' என்கிற அரைவட்டத்துக்குள் தாக்குகிற அணியின் மட்டை பந்தில் பட்டிருக்க வேண்டும். என்னதான் பலமாக அடித்தாலும் வெளியிலிருந்து நேரே போனால் கோல் கிடையாது. அடுத்தது, மட்டையின் இடப்பக்கம் மட்டும்தான் தட்டை. முதுகுப் பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இந்த இரண்டும் இருக்கும்வரை யாழினி ஆடுவதும் நான் ஆடியதும் ஒரே வம்சம்தான்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது, தேடாதே. அவள் கவலைப்பட வேண்டாம் என்று சொல். மட்டையில் மேலே பிடிப்பது எல்லாருக்கும் இடக்கைதான். திருப்புவதும் அந்தக் கைதான், வலக்கை கீழே சும்மா தாங்கிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் பழக்கும் கை, அவளுக்குப் பிறவியிலேயே பழகி வந்திருக்கிறது. வீடியோவில் அவள் வலக்கையை மேலே வைத்திருக்கிறாள். அதை மட்டும் இன்றைக்கே மாற்றச் சொல். மட்டை இடுப்பெலும்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பல்லுக்குப் போடும் காப்பு இல்லாமல் இறக்காதே.

ஜூலை லீவுக்கு வரும்போது மட்டையையும் எடுத்துவரச் சொல். காலையில் டர்ஃபிலும் சாயங்காலம் கரிசலிலும் ஆட வைக்கிறேன். அவளுடைய டர்ஃப் ஷூ நம் சரளையில் ஒரு வாரம் தாங்காது. கேன்வாஸ் ஷூ நான் வாங்கி வைக்கிறேன். ஒரு தாளில் அவள் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு, தாயி.

இப்படிக்கு,
உன் அப்பா