தூக்குவதற்கு முன்னால் திசையைக் குறித்துவிடுங்கள்

தமிழ்நாடு தொல்லியல் துறை அதிகாரிகளுக்கும், அகழாய்வுக் குழிகளில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது. நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், தொல்லியல் படித்தவனல்ல. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க எனக்குத் தகுதி உண்டு. செய்யாதீர்கள் என்று இந்த மடலில் நான் சொல்லப்போகும் தவறை நானே செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி எடுத்தோம். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி ஒரு செம்மண் வளையத்தில் இடித்து நின்றது. கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். வளையத்தின் உள்பக்கம் கருகி, கண்ணாடிபோல உருகி ஓடியிருந்தது. வெளியே வர வரச் செங்கல் நிறம். பக்கத்தில் கைப்பிடி கனத்துக்கு இரும்புச் சிட்டம் (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு), விரல் நுழையும் ஓட்டையோடு சுடுமண் குழாய்த் துண்டு ஒன்று. துருத்திக் காற்று போன வழி அது. இரும்பு உருக்கிய உலை என்று உடனே புரிந்துவிட்டது.

விட்டால் யாராவது உடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். கடப்பாரையால் நெம்பி, ஆறு துண்டாக எடுத்து, சாக்கில் கட்டி, டிவிஎஸ் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் வட்டமாக அடுக்கி வைத்தேன். பத்திரப்படுத்திவிட்டதாகப் பெருமை வேறு! அந்த உலை வைத்திருந்த மிக முக்கியமான சாட்சியத்தை அழித்தது நான்தான் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். களிமண்ணில் மேக்னடைட், ஹெமடைட் என்று இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சுமார் 580 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேக்னடைட் தன் நிலைக்காந்தத்தை இழக்கும், ஹெமடைட்டுக்கு 675 டிகிரி போல ஆக வேண்டும். அடுப்பு ஆறும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே துகள்களின் காந்தம் உறைந்துவிடும். மறுபடி அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாதவரை ஆயிரக்கணக்கான வருடம் அப்படியே கிடக்கும்.

பூமியின் காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை. லண்டனில் 1580இல் உண்மை வடக்குக்குக் கிழக்கே 11 டிகிரி காட்டிய ஊசி, 1820 வாக்கில் மேற்கே 24 டிகிரிக்குப் போய்விட்டது. ஆக, ஒரு பகுதியில் எந்த நூற்றாண்டில் ஊசி எங்கே நின்றது என்று ஒரு வளைகோடு வரைந்துவிட்டால், சுட்ட மண்ணில் உறைந்த திசையை அதோடு பொருத்தி, கடைசியாக நெருப்பு அணைந்த காலத்தைச் சொல்லலாம். ஒரே நிபந்தனை, மண் எரிந்த இடத்திலேயே, எரிந்த நிலையிலேயே இருக்க வேண்டும். என் திண்ணையில் இருக்கும் துண்டுகளுக்கு இப்போது கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை.

கரித்துண்டில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 1510, சிவகளைக்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் வெளிவந்த உங்கள் அறிக்கையைப் படித்தபோது எங்கள் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கரிமக் கணக்கு கிட்டத்தட்டக் கண்ணைக் கட்டிவிடும். வளிமண்டலக் கரிமத்தின் போக்கால், அந்த நானூறு வருடத்தில் எப்போது வெட்டிய மரமானாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். நம்மூர் இரும்புக்காலம் முடிந்து எழுத்தும் நகரமும் வருகிற காலம் அது. அப்புறம் விறகு விவகாரம் இருக்கிறது. வயதான மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை எரித்திருந்தால், கரி சொல்வது அந்தக் கட்டை வளர்ந்த காலத்தை. உலை எரிந்தது அதற்கு நூறு வருடம் கழித்துக்கூட இருக்கலாம். சுட்ட மண்ணுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

எங்கள் பக்கம் இது இன்னும் அவசியம். கஞ்சமலையே மேக்னடைட் தாது மலை. 1830களில் ஹீத் துரையின் கம்பெனி சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கியது. அந்தக் காலத்திலும் இங்கே கிராமத்து உலைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அதனால் உலை கிடைத்தாலே ‘பல ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று செய்தி போடுவது தப்பு. என் உலை கொள்ளுத்தாத்தா காலத்ததாகவும் இருக்கலாம், சங்க காலத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது, உலையின் வடிவம் அவ்வளவாக மாறவில்லை.

சரி, என்னதான் கேட்கிறேன்? இனி நீங்கள் திறக்கும் ஒவ்வொரு குழியிலும் அடுப்போ உலையோ சூளைத் தரையோ வந்தால், அதைப் பெயர்க்கும் முன் திசை குறித்த மாதிரி எடுக்கும் வழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். செலவு பெரிதல்ல. சுட்ட மண்ணின் மேல் கொஞ்சம் பிளாஸ்டர் ஊற்றி, ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, அது இறுகியதும் வடக்கைக் கோடு போட்டு, அதன் பிறகு அடியோடு அறுத்தெடுப்பது. ஓர் உலைக்குப் பத்துப் பன்னிரண்டு மாதிரி இருந்தால் நல்லது. சுவரை விடத் தரை மேல். சுவர் காலப்போக்கில் சாய்ந்திருக்கும். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடைமட்டமாக இருக்கும் கோடு) நமக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கமாகப் போவதால், இங்கே புலம் தரையை நோக்கிச் சரியும் கோணம் ஏற்கெனவே மிகக் குறைவு. அதில் சுவரின் சாய்வும் சேர்ந்துகொண்டால் கணக்கு கெட்டுப்போகும்.

அந்த வடக்குக் கோட்டை மட்டும் தயவுசெய்து கம்பாஸ் வைத்துப் போடாதீர்கள். கஞ்சமலைத் தாதுப் பாறை மேல் என் கைபேசியை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரடி நகர்த்தினால் வடக்கு ஒரு பக்கம், இன்னோரடி நகர்த்தினால் வேறு பக்கம். சிட்டம் குவிந்து கிடக்கும் இடத்திலும் இதே கதைதான். இங்கே நம்ப வேண்டியது சூரியனை. செங்குத்தாக ஓர் ஆணி, அதன் நிழலுக்கு ஒரு கோடு, நொடி சுத்தமாக மணி. அதை வைத்து உண்மை வடக்கைக் கணக்குப் போட்டுவிடலாம். காலையிலோ மாலையிலோ செய்ய வேண்டும். சித்திரை பிறந்த கொஞ்ச நாளில் சேலத்தில் உச்சி வேளைக்கு நிழலே விழாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறை மந்திரமல்ல. வளைகோடு இருந்தால்தான் தேதி வரும். அந்த வளைகோட்டை வரைய, வேறு வழியில் காலம் தெரிந்த உலைகள் நிறைய வேண்டும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். கரித்துண்டும் சுட்ட தரையும் ஒரே குழியில் கிடைக்கும்போது இரண்டையும் எடுத்தால், அந்த உலை வளைகோட்டில் ஒரு புள்ளியாகும். இஸ்ரேலில் அப்படித்தான் செய்தார்கள். போர்களில் எரிந்த 17 ஊர்களின் 21 அழிவு அடுக்குகளை அளந்து 2022இல் வெளியிட்டார்கள். இன்ன படையெடுப்பில் எரிந்தது என்று தெரிந்த ஊர்கள் கொடுத்த புள்ளிகளை வைத்து, தெரியாத ஊர்களின் காலத்தைச் சொன்னார்கள். நம்மிடம் படையெடுப்புக் குறிப்புகள் அந்த அளவுக்கு இல்லை. உலைகள் இருக்கின்றன. அளந்து பார்க்க நவி மும்பையில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் இருக்கிறது. (பம்பாயில் மின்சார டிராம் வந்தால் கருவிகள் குழம்பும் என்று 1904இல் ஆய்வுக்கூடத்தையே அலிபாகுக்கு நகர்த்தியவர்களின் வாரிசுகள் அவர்கள்!)

கிடங்குகளில் ஏற்கெனவே இருக்கும் ஓடுகளும் செங்கற்களும் வீணல்ல. திசை போனாலும், புலம் எவ்வளவு வலுவாக இருந்தது என்ற கணக்கு அவற்றில் இருக்கும். பிரான்சில் தெல்லியே தம்பதியர் வகுத்த முறையில், படிப்படியாகச் சூடாக்கிக் குளிரவைத்து அதைப் படிக்கலாம். இந்த 200 வருடத்தில் நம் பக்கம் ஊசி லண்டன் அளவுக்கு ஆடாததால், நமக்கு வலுவின் கணக்குதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ஆனால் எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற சீட்டு ஓட்டோடு இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் திருத்துவ தேவாலயத்துக்குப் போனால் ராபர்ட் புரூஸ் பூட்டின் கல்லறையைப் பார்க்கலாம். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே பூட். சேர்வராயன் மலையின் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளையும் அவர் பதிவு செய்தார். மலைக்காரர்கள் அவற்றை எங்கெங்கோ பொறுக்கிவந்து பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிட்டிருந்தார்கள். கோடரி என்று தெரிகிறது, எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் திண்ணைத் துண்டுகளும் அவற்றோடு சேர்ந்தவைதான்.

ஜேசிபி ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வாளியில் செக்கச்செவேலென்று வளையமாக மண் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கழுவி எடுத்துவைக்க வேண்டாம். என்னைப் போல அக்கறையும் பட வேண்டாம்.

கடைசியாக என் காட்டு விஷயம். தொட்டியின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், வரப்புக்கு அடியில், இன்னொரு சிவப்பு விளிம்பு தெரிகிறது. பக்கத்து உலையாக இருக்க வேண்டும். மண்ணை மூடி, மேலே தகரம் போட்டு, கல் வைத்திருக்கிறேன். வரப்பை வெட்டாமல் இந்த ஆடிக்கும் தள்ளிப்போட்டுவிட்டேன். ஆள் அனுப்புங்கள். மப்பு மந்தாரம் இல்லாத நாளாகப் பார்த்து, காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். ஆணியும் ரசமட்டமும் நான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கஞ்சமலை அடிவாரத்து ஓய்வு பெற்ற வாத்தியார்