எருமை வேட்டைக்கு .300 துப்பாக்கி: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
புக்கிட் மெர்த்தாஜாம், பினாங்கு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வேட்டைப் பயண ஏற்பாட்டு நிறுவனம்,
கோலாலம்பூர்.

பொருள்: நமீபியா எருமை வேட்டைக்குப் பொருந்தாத காலிபரில் (குழல், தோட்டா விட்ட அளவில்) துப்பாக்கி ஏற்பாடு செய்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் பணம் கட்டி நமீபியாவின் சம்பேசி வட்டாரத்துக்கு, அதாவது முன்பு கப்ரிவி என்று அழைக்கப்பட்ட பகுதிக்கு, எருமை வேட்டைக்குப் போனவன் நான். எருமை கிடைக்கவில்லை என்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. காட்டு விலங்கு நம் வசதிக்கு வந்து நிற்காது என்பது தெரிந்துதான் பணம் கட்டினேன். ஆனால் எருமைக் கூட்டம் முகாமுக்குப் பக்கத்து ஆற்றுப் படுகையிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் ஏற்பாடு செய்திருந்த துப்பாக்கியால் அதைச் சுடுவதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. புகார் அதுதான்.

பதிவு செய்தபோது நான் உங்கள் விற்பனை அதிகாரியிடம் கேட்ட முதல் கேள்வியே துப்பாக்கியைப் பற்றியதுதான். எனக்குச் சொந்தமாக இருப்பது 12-போர் (12 bore) ஷாட்கன். அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை. ஆகவே அங்கே .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். "கிடைக்கும்ணே, அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். ரசீதிலும் "பெருவிலங்கு ரைபிள் வாடகை" என்று தனி வரி போட்டு 1,900 ரிங்கிட் வாங்கியிருக்கிறீர்கள். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

முகாமில் என்னிடம் நீட்டப்பட்டது .300 வின்செஸ்டர் மேக்னம். நல்ல துப்பாக்கிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். குடு, ஓரிக்ஸ் போன்ற மான்களுக்கு அது கச்சிதமான காலிபர். ஆனால் எருமைக்கு அல்ல. குறி சரிபார்க்க மணல் மூட்டை போட்ட மேசைக்குப் போனபோது, வேட்டை வழிகாட்டி என்னைத் தனியாக அழைத்துப் போனார். லேண்ட் குரூசரின் முன்மூடி மேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைத்தார். ஒன்று எனக்குக் கொடுத்திருந்த .300. மற்றது எப்போதோ வந்த வேறொரு வேட்டைக்காரர் விட்டுப்போன .375. முதலாவதின் முனை பென்சில் சீவியதுபோல் கூராக இருந்தது. இரண்டாவதின் முனை உருண்டு மழுங்கி, என் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தடிப்பாக இருந்தது. "இதைத்தான் உங்கள் முகவர் வாங்கித் தந்திருக்க வேண்டும்" என்றார். அவர் வேறெதுவும் விளக்கத் தேவைப்படவில்லை.

இருந்தாலும் உங்கள் அலுவலகத்துக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நான் தொலைபேசியில் கேட்டபோது வந்த பதில்கள் அப்படி இருந்தன.

நமீபியாவில் எருமை, யானை போன்ற விலங்குகளைச் சுடும் துப்பாக்கிக்குக் குழல்வாயில் குறைந்தது 5,400 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். குடு, ஓரிக்ஸ், ஈலண்ட் வகைக்கு 2,700 ஜூல் போதும். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வழக்கமான 180 கிரெயின் (தோட்டாவின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டா நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போனால் கிடைப்பது சுமார் 4,700 ஜூல். .375இல் 300 கிரெயின் தோட்டா 770 மீட்டர் வேகத்தில் போகிறது. வேகம் குறைவு, ஆனால் ஆற்றல் சுமார் 5,760 ஜூல். .375 சட்டத்துக்கு உள்ளே, .300 வெளியே. இதைத் தெரிந்துகொள்ள ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. தோட்டாவின் ஆற்றலைப் பல பெட்டிகளின் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள். 180 கிரெயின் என்றால் 12 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. 300 கிரெயின் என்றால் 19 கிராமுக்கு மேல். முதிர்ந்த ஆண் எருமை 700 கிலோவைத் தாண்டும். முன்னங்காலின் நேர்க்கோட்டில், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைப்பார்கள். அந்த இடத்தில் தோள் எலும்பும் நெருக்கமான விலா எலும்புகளும் மறைத்து நிற்கின்றன. மானுக்கென்று செய்த மெல்லிய மென்முனைத் தோட்டா அதிவேகத்தில் போய் அந்த எலும்பில் மோதினால், உள்ளே போவதற்குள் சிதைந்துவிடக்கூடும். கனமான, உறுதியான தோட்டா எலும்பை உடைத்துக்கொண்டு நுரையீரல் வரை போகும். அதனால்தான் 1912இல் வந்த .375 காலிபரை இன்னும் யாரும் ஓரங்கட்டவில்லை. அப்புறம், காயம்பட்ட எருமை அடர்ந்த புதருக்குள் போய் நின்றுகொண்டால் அதைத் தேடி முன்னால் நடப்பது பணம் கட்டிய நானல்ல. தடம் பார்க்கும் உள்ளூர் ஆட்கள். உங்கள் சிக்கனத்துக்கு அவர்கள் உயிரைப் பணயம் வைக்க அந்த வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரி என்றே சொல்வேன்.

சரி, உங்கள் தரப்பு பதில்களுக்கு வருகிறேன்.

"மேக்னம்னாலே பெரிய மிருகத்துக்குத்தான்" என்றார் உங்கள் அதிகாரி. மேக்னம் என்பது அந்த விட்டத்தில் வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து அடைத்த தோட்டாவுக்கு வைக்கும் பெயர். கைத்துப்பாக்கியிலும் மேக்னம் உண்டு. அதைக் கொண்டு எருமைக்குப் போவாரா?

அடுத்து, "அந்தக் காலத்தில் பெல் என்பவர் சின்னத் தோட்டாவிலேயே யானை சுட்டிருக்கிறார்" என்று மின்னஞ்சலில் எழுதினார். உண்மைதான். கரமோஜோ பெல் 7 மில்லிமீட்டர் ரைபிளால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டவர். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறதென்று படித்தவர். நீளமான, சிதையாத முழு உலோகத் தோட்டாவைத்தான் பயன்படுத்தினார். அது அவருக்குத் தொழில். நான் பட்டர்வொர்த்தில் உதிரி பாகக் கடை வைத்திருப்பவன். அவர் பெயரைச் சொல்லி எனக்கு .300ஐத் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

கடைசியாக, சமாதானம் செய்வதுபோல், "அடுத்த முறை .458 ஏற்பாடு செய்கிறோம், தள்ளுபடியும் தருகிறோம்" என்றீர்கள். இதிலிருந்தே விஷயம் இன்னும் புரியவில்லை என்று தெரிகிறது. .458 வின்செஸ்டர் மேக்னம் 1956இல் வந்தது. 500 கிரெயின் தோட்டா. சுடும்போது அது தோளில் கொடுக்கும் உதையைத் தாங்கிப் பழகாதவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். தோள் சுளுக்கும், குறியும் தவறும். முதல் முறை போகிறவனுக்கு .375 சொல்வதற்குக் காரணமே, உதை தாங்கக்கூடியதாக இருந்து எருமைக்கும் போதுமான ஆற்றல் இருப்பதுதான். அதையே கொண்டு மறுநாள் ஓரிக்ஸும் சுடலாம். பெரியது வேண்டுமா, சிறியது வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. பொருத்தமானதைக் கேட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்பதை முகாம் உரிமையாளர் காட்டிய மின்னஞ்சலில் பார்த்தேன். அவர் உங்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்: முகாமில் .300 ஒன்றுதான் உள்ளது, .375 வேண்டுமானால் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுத்து அனுப்ப வேண்டும், கூடுதல் கட்டணம் ஆகும் என்று. அதற்கு உங்கள் அலுவலகம் "வாடிக்கையாளருக்கு .300 போதும்" என்று பதில் எழுதியிருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. விண்ட்ஹூக்கிலிருந்து அந்த முகாமுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நான் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வேறு துப்பாக்கி வரவழைக்க நேரமில்லை. வழிகாட்டியின் சொந்த .458 இருந்தது. ஆனால் அது ஆபத்து வந்தால் எங்கள் எல்லாரையும் காப்பாற்ற அவர் தோளில் இருக்க வேண்டிய துப்பாக்கி. அதை எனக்குத் தர முடியாது என்றார், நானும் வற்புறுத்தவில்லை. பிறகு ஓரிக்ஸ் ஒன்று சுட்டேன். அதை வைத்து "உங்களுக்கு வேட்டை கிடைத்ததே" என்று நீங்கள் எழுதியது எரிச்சலைத்தான் தந்தது. எருமை வேட்டைக்கு வாங்கிய தினக் கட்டணத்துக்கும் மான் வேட்டைக்கான தினக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது.

உங்கள் விளம்பரப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஸ்பிரிங்பாக் முதல் எருமை வரை ஒரே .300 மேக்னம்" என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இங்கே நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்குப் பெரிய ரைபிளில் அனுபவம் கிடையாது. தோட்டத்தில் பன்றிக்கு ஷாட்கன் எடுத்துப் பழகியவர்கள்தான் அதிகம். நம் காட்டில் இருக்கும் சிலாடாங் என்ற காட்டெருது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்பில் உள்ளது, இருக்கவும் வேண்டும். ஆகவே இந்த மாதிரி வேட்டைக்கு வெளிநாடு போகிறவன் காலிபர் விஷயத்தில் உங்களைத்தான் நம்புகிறான். கேட்டதையே மாற்றி அனுப்பும் நிறுவனம், தெரியாமல் வருகிறவனுக்கு என்ன அனுப்பும்?

என் கோரிக்கை இதுதான். எருமை வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் உள்ள தினக் கட்டண வித்தியாசம் 28,400 ரிங்கிட்டையும், ரைபிள் வாடகை 1,900 ரிங்கிட்டையும் சேர்த்து 30,300 ரிங்கிட் திருப்பித் தர வேண்டும். விமான டிக்கெட், தங்கல் செலவை நான் கேட்கவில்லை. ஓரிக்ஸுக்கான கட்டணத்தையும் கேட்கவில்லை, அது நான் சுட்டது. விளம்பரப் புத்தகத்திலிருந்து அந்த வரியை நீக்கி, ஏற்கெனவே பதிவு செய்திருப்பவர்களுக்குச் சரியான காலிபரை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த முறைக்கான தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் எருமை சுடப் போன கதையைக் கேட்டால் அவர்கள் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள் என்று தோன்றுவதால் அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ரசீது, முகாமுக்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலின் நகல், விளம்பரப் புத்தகத்தின் பக்கம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. பணத்தை நான் முன்பு செலுத்திய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
புக்கிட் மெர்த்தாஜாம்.