மழையன்று ஓலைச்சுவடி காத்த அண்ணனுக்கு நன்றி

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழையில் சுவடி அறை ஒழுகியபோது நான் ஒருத்திதான் இருந்தேன். மகளோடு சுற்றிப் பார்க்க வந்த நீங்கள் கேட்காமலேயே பெட்டிகளைத் தூக்கினீர்கள். நனைந்த ஓலையை வெயிலில் போட்டால் சுருண்டு வெடித்துவிடும் என்றேன். சரி என்று தரையில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓலையாக நீர் உறிஞ்சும் தாளில் ஒற்றி எடுத்தீர்கள், இரண்டு மணி நேரம். உங்கள் மகள் ஓரத்திலிருந்த க, உ, ங என்ற தமிழ் எண்களை (1, 2, 3) பார்த்து வரிசை மாறாமல் நிழலில் பரப்பினாள். தினமும் பிள்ளைகளிடம் 'தொடாதீங்க' என்றே சொல்லும் எனக்கு அந்தக் காட்சி மறக்காது.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அண்ணா, ஓர் ஓலைகூட வீணாகவில்லை. இப்போது எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவசியம் வாருங்கள்.