ராணி பலிக்கு முன்னால் நடந்ததையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் சதுரங்கப் பகுதியில் ரோட்லெவி (வெள்ளை)–ரூபின்ஸ்டைன் (கறுப்பு) ஆட்டத்தின் (லோட்ஸ், போலந்து, 1907) கடைசி நான்கு நகர்த்தல்களை மட்டும் வெளியிட்டிருந்தீர்கள். அவ்வளவு மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்கட்டு வித்தையாகத்தான் தெரியும். முழு ஆட்டமே 25 நகர்த்தல்தான். மொத்தமும் போட்டிருந்தாலும் அதிக இடம் பிடித்திருக்காது.

14-ஆவது நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். குதிரைகள், மந்திரிகள் (பிஷப்), ராணி, சிப்பாய்கள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிரே நிற்கும். ஆனால் கறுப்பு காஸ்லிங்கை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவதை) முடித்து யானையையும் (ரூக்) டி8 கட்டத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. வெள்ளை ராஜா இன்னும் இ1-இல். முதலில் ஆடியவர் பின்தங்கியது எப்படி? வெள்ளை ராணி 10-ஆவது நகர்த்தலில் டி2-க்கும் 14-ஆவதில் இ2-க்கும் போனது: ஒரே எட்டில் போகவேண்டிய இடத்துக்கு இரண்டு. வெள்ளை மந்திரி 11-ஆவதில் டி3-க்கு வந்தது. உடனே கறுப்பு சி4 சிப்பாயை வெட்ட, அதைத் திருப்பி வெட்டிய மந்திரியை பி5 சிப்பாய் விரட்ட, மறுபடியும் டி3. அதில் இன்னொரு நகர்த்தல் வீண்.

அதற்கப்புறம் ரோட்லெவி எஃப்4, இ4, இ5 என்று சிப்பாய்களைத் தள்ளியதுதான் பெரிய தப்பு. இ4 ஆடியதும் ஜி1 நோக்கிய மூலைவிட்டம் திறந்தது. இ5 ஆடியதும் ஹெச்1 நோக்கியதும் திறந்தது. ரூபின்ஸ்டைனின் இரண்டு மந்திரிகளுக்கும் எதிரியே வழிவிட்டுக் கொடுத்தார்.

இனி அந்தப் புகழ்பெற்ற நிலை, கறுப்பின் 22-ஆவது நகர்த்தலுக்குச் சற்று முன். வெள்ளை: ராஜா ஹெச்1, ராணி இ2, யானைகள் ஏ1, எஃப்1, மந்திரிகள் பி2, இ4, குதிரை சி3, சிப்பாய்கள் ஏ3, பி4, இ5, எஃப்4, ஜி3, ஹெச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி ஹெச்4, யானைகள் சி8, டி8, மந்திரிகள் பி6, பி7, குதிரை ஜி4, சிப்பாய்கள் ஏ6, பி5, இ6, எஃப்7, ஜி7, ஹெச்7. கறுப்பு ராணியை ஜி3 சிப்பாய் மிரட்டிக்கொண்டு நிற்கிறது.

பார்க்கவேண்டியது இ4 மந்திரியை. ஹெச்1 ராஜாவுக்குப் போகும் வழியை அடைத்திருப்பது அதுதான். அதற்குக் காவல் இருவர்: சி3 குதிரை, இ2 ராணி. நேராக பி7 மந்திரியால் அதை வெட்டினால் குதிரை திருப்பி வெட்டிவிடும், அத்தோடு சரி. ஆகவே முதலில் குதிரையை ஒழிக்க யானை சி3-இல் வெட்டுகிறது, ராணி போனால் போகட்டும் என்று. 23-ஆவது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் கறுப்பு ராணியைத் தின்றதும், இன்னொரு யானை டி2-இல் போய் உட்காருகிறது. இரண்டாவது காவலையும் இழுக்கத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எண்ண வேண்டும். கறுப்பு ராணி ஏற்கெனவே போய்விட்டது. சி3 யானையை பி2 மந்திரி வெட்டலாம். டி2 யானையையும் ஜி4 குதிரையையும் வெள்ளை ராணி வெட்டலாம். பி7 மந்திரியை இ4 மந்திரி வெட்டலாம். நான்கு காய்கள் ஒரே நேரத்தில் வாய்க்கெதிரே! எதைத் தின்றாலும் தோல்விதான். ரோட்லெவி டி2-இல் வெட்டினார். பி7 மந்திரி இ4-இல் வெட்டி செக். ராணி ஜி2-இல் குறுக்கே வந்தது. சி3 யானை ஹெச்3-க்குப் போனது. அடுத்து ஹெச்2-இல் மேட். ஜி2 ராணி பக்கத்திலேயே இருந்தும் உதவாது: நகர்ந்தால் ராஜாவுக்கு செக் என்பதால் ஹெச்2-ஐயும் காக்க முடியாது, ஹெச்3 யானையையும் தொட முடியாது. ரோட்லெவி அங்கேயே ஆட்டத்தை விட்டுவிட்டார்.

24-ஆவது நகர்த்தலில் ராணிக்குப் பதிலாக மந்திரியால் சி3 யானையை வெட்டியிருந்தால் வெள்ளை தப்பியிருக்கும் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. அது சரியல்ல. பி7 மந்திரி இ4-இல் வெட்டி செக், ராணி திருப்பி வெட்டும், டி2 யானை ஹெச்2-இல் வெட்டி மேட். ஜி4 குதிரை அந்த யானைக்குக் காவல். ஜி1-க்கு ஓட பி6 மந்திரி விடாது. திருத்தம் வெளியிடும்போது, 14-ஆவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையின் படத்தையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
சதுரங்கப் பகுதியின் வாசகர்