வேடந்தாங்கலுக்கு நம்மோடு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவை உங்களில் பலர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். பறவை பார்க்க வந்தவர்களை முக்கால் மணி நேரம் வயல் வரப்பில் நிற்க வைத்துக் கதை சொன்னோம் என்கிறார்கள். அன்றைக்கு வெயில் ஏறிவிட்டது, குழந்தைகளோடு வந்தவர்கள் சிரமப்பட்டார்கள், மன்னியுங்கள். இனி வரப்பில் பத்து நிமிஷம்தான், மீதிப் பேச்சு மரத்தடியில்.

ஆனால் வயலை விட முடியாது. 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே நாரைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் யாரும் சுடக் கூடாதென்று எழுதி வாங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அரசு இந்த ஏரியைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது 1936-இல், முக்கிய ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, பயிருக்கு அதுவே உரம். வயலில் நமக்குக் கதை சொல்லும் ஊர்ப் பெரியவர் வாய்க்காலில் கை விட்டு அந்தப் பச்சைத் தண்ணீரை அள்ளிக் காட்டுவாரே, அதைப் பார்த்த பிறகு கடப்ப மரத்து நத்தைகுத்தி நாரையைப் பார்க்கும் கண்ணே வேறு.

எனக்கு வலித்தது இன்னொன்று. ஊர்க்காரர்களைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்க்கிறோமாம். என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு, நான் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. நாலே பேர் வந்த நாளிலும் பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்திருக்கிறேன். காலை இட்லியும் டீயும் அந்த ஊர் வீட்டிலிருந்துதான் வருகின்றன, அதற்குத் தனியாகப் பணம். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள் என்று வேனில் ஏறும்போதே சொல்கிறேன், வந்தவர்களுக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று தோன்றினால் நேரில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், பெரியவருக்கு முழங்கால் வலி, இனி வர முடியாது. அவர் மருமகள் பேசுவார். முதல் இரண்டு தடவை கொஞ்சம் தயங்குவார், பொறுத்துக்கொள்ளுங்கள். கூழைக்கடாவையும் கரண்டிவாயனையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்லும் கண் அவருக்கு.

ஏரி வற்றிக் கிடந்த வருஷத்திலும் சும்மா ஊரைப் பார்க்கவாவது வருகிறோம் என்று வந்தீர்களே, அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இல்லையென்றால் அந்த வருஷமே வேனை விற்றிருப்பேன்.

டீசலும் வேன் செலவும் கூடியதால் கட்டணம் 900 ரூபாயிலிருந்து 1,150 ஆகிறது, முன்பதிவு செய்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிறு காலை நாலரைக்குத் தாம்பரத்தில் வேன் நிற்கும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம்.