ஏரிக்கரை முக்கு ஹைமாஸ் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பித் தர வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு மக்களுக்காக, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள், பேரூராட்சி அலுவலகம்

நாள்: 17.11.2025
பார்வை: எனது முந்தைய மனுக்கள், நாள் 05.08.2024 மற்றும் 10.02.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிள்ளையார் கோயில் முக்கில் இருக்கும் ஹைமாஸ் கம்பத்தைக் கடந்துதான் தாங்கள் தினமும் அலுவலகம் வருகிறீர்கள். 2024 ஜூனில் அது வந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வரும் பெண்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அதை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு மனுவிலும் இதைத்தான் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

1. கம்பத்தில் எட்டு லைட்டுகள். ஐந்து ரோட்டைப் பார்க்கின்றன. மூன்று மட்டும் முகத்தை நிமிர்த்தி ஏரியைப் பார்க்கின்றன. ஏரிக்குள் யார் நடக்கிறார்கள்?

2. பன்னிரண்டு வருடங்களாக, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு வானம் காட்டி வருகிறேன். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, ஆனால் வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் அதிகம். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணில் ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் அடித்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இப்போது கரையில் எங்கே நின்றாலும் அந்த மூன்று லைட்டும் கண்ணில் குத்துகின்றன. பனைமரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தோம். வெளிச்சம் தண்ணீரில் பட்டு அங்கேயும் வருகிறது.

3. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் எத்தனை தெரிகிறது என்று எண்ணுவதுதான் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் முதல் பாடம். இந்த மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே ஏறிவிடும். முன்பெல்லாம் ஆறு எண்ணாத பிள்ளை கிடையாது, கண் கூர்மையான ஒன்றிரண்டு பேர் ஏழு, எட்டு என்பார்கள். போன சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, விளக்கு தெரியாமல் இருக்க இரண்டு கைகளையும் கண்ணோரம் அணைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தாள். "சார், புகை மாதிரி தெரியுது. நட்சத்திரம் எங்கே?" என்றாள். நான் என்ன பதில் சொல்ல? ஜூலையில் தெற்கே விருச்சிகத்தின் வாலை ஒட்டி ஆகாய கங்கை, அதாவது பால்வெளி, வெள்ளையாகக் கிடக்கும். இந்தக் கரையில் நின்று அதைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐயா, மூன்று லைட்டைக் கீழே திருப்ப எத்தனை மனு எழுத வேண்டும்? சொல்லுங்கள், அத்தனையும் எழுதித் தருகிறேன்.

4. செலவும் கிடையாது. லைட் மாட்டிய வளையம் மோட்டாரில் கீழே இறங்கும். பழுது பார்க்க இரண்டு தடவை இறக்கினார்கள். அப்போது பக்கத்தில் நின்று கேட்டேன். "ஆர்டர் இல்லை சார்" என்றார் எலக்ட்ரீஷியன். அவர் மேல் தப்பில்லை. ஆர்டர் தாங்கள் தர வேண்டியது.

5. ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அந்த மலையின் இருட்டை நம்பித்தான் அங்கே ஆய்வகம் வைத்தார்கள். லடாக்கில் ஹன்லே பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாகவே அறிவித்தார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. மூன்று லைட்.

6. டிசம்பர் 13 இரவு மிதுன எரிமீன் மழை, அதாவது எரிநட்சத்திரங்கள் நிறைய விழும் இரவு. புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவது போலத் தெரியும். போன வருடம் பௌர்ணமியை நெருங்கிய நிலா வந்து கெடுத்தது. இந்த வருடம் நிலா பின்னிரவில்தான் எழும், அதுவரை வானம் நமக்குத்தான். நாற்பது பிள்ளைகள் பாயும் போர்வையும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை அந்த வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைக்கவா?

ஆகவே ஐயா, அந்த மூன்று லைட்டுகளையும் டிசம்பர் 13-க்கு முன் கீழ்நோக்கித் திருப்ப உத்தரவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் இரவு பத்து மணிக்கு மேல் அவற்றை மட்டுமாவது அணைத்துத் தாருங்கள். அதுவும் முடியாதென்றால், முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

வரும் 22-ஆம் தேதி சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கரையில் இருப்போம். தாங்களும் வந்து, கார்த்திகை எத்தனை தெரிகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு மக்கள் சார்பாக

(இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், கம்பத்தின் புகைப்படம், பிள்ளைகள் 31 பேரின் கையெழுத்து)