ஆசிரியருக்கு: விலையில்லாத ஆய்விதழ்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டுத் தீர்ப்புகளை நம் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டுவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். அதன் நடுவில், ‘விலையில்லாமல் கிடைக்கும் ஆய்விதழுக்கு மதிப்பும் அவ்வளவுதான்’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு விளக்கமோ சான்றோ தராமல் கட்டுரையாளர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை. மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்துவரும் எனக்கு, அந்த விலையில்லா ஏடுகள்தான் கைகொடுத்து வந்திருக்கின்றன.

2018இல், தேன் எடுத்துப் பிழைக்கும் ஒரு மலைக்கிராமத்தார் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் சமூக உரிமை கோரிக் கொடுத்திருந்த மனு உட்கோட்ட அளவிலான குழுவின் முன் இருந்தது. இவர்கள் உள்ளே இருந்தால் காடு அழியும் என்ற ஒன்றையே எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. அதே வாதத்தை ஆப்பிரிக்க மனித உரிமைகள் நீதிமன்றம் முந்தைய ஆண்டுதான் நிராகரித்திருந்தது. கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஒகியெக் மக்களும் தேன் எடுப்பவர்களே. முப்பது நாள்களுக்குள் காட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று 2009 அக்டோபரில் அவர்களுக்கு அறிவிப்பு கொடுக்கப்பட்டது. 2017 மே 26 அன்று, தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கும் அந்த நீதிமன்றம், காடு சீரழிந்ததற்கு ஒகியெக் மக்களைப் பொறுப்பாக்க முடியாது என்றும், காட்டைக் காப்பதைக் காரணம் காட்டி அவர்களை வெளியேற்றியது நியாயமாகாது என்றும் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு கையில் இருந்தாலும், வழிவழியாக வந்த அதன் வாதங்களை அறியாமல் எப்படிப் பேசுவது? 1981இல் நைரோபியில் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க சாசனம், மனித உரிமைகளோடு ‘மக்கள்’ உரிமைகளையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. அந்தச் சொல் அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒரு நாட்டின் குடிகள் எல்லோரையும் குறிக்கிறதா, நாட்டுக்குள்ளேயே வாழும் ஒரு சிறு சமூகத்தையும் குறிக்குமா என்பது நெடுங்காலச் சிக்கல். 1970களில் கென்யாவின் பொகோரியா ஏரிக்கரையில் வனவிலங்குக் காப்பகம் அமைப்பதற்காக அப்புறப்படுத்தப்பட்ட எண்டொரோயிஸ் மக்களின் முறையீட்டில், அந்தச் சாசனத்தின் கீழ் முறையீடுகளை விசாரிக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் சிறு சமூகத்துக்கும் அந்த உரிமை உண்டு என்றது. அந்த முடிவை 2010இல், ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றது. ஒகியெக் தீர்ப்பும் நாட்டின் இறையாண்மைக்குக் குந்தகம் வராதவரை அதே வழியில் நின்றது. நம் சட்டத்தின் சமூக உரிமையை விளக்க இதைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைத்ததில்லை.

இதைப் புரிந்துகொள்ள நான் முதலில் தேடிப் பிடித்த கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தது. இருபத்துச் சொச்சம் பக்கங்களை ஒரே ஒருநாள் படிக்க மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அந்த மனுவுக்காக நான் கட்சிக்காரர்களிடம் ஒரு பைசாகூட வாங்கியிருக்கவில்லை. பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். மின்னிதழ்கள் வளாகத்து ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டுமே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த வாசலில் நின்றது இன்றும் மனத்தில் இருக்கிறது.

அன்றிரவு என்னைக் காப்பாற்றியது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகச் சட்டப் பதிப்பகம். அது வெளியிடும் ஆப்பிரிக்க மனித உரிமைச் சட்ட ஆய்விதழ் 2001 முதல் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதில் வரும் கட்டுரைகள் துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகே அச்சேறுகின்றன. அதை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம், தரவிறக்கலாம். தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் ஆப்பிரிக்க மனித உரிமைச் சட்ட அறிக்கைகளும் அப்படியே. ஒரே இரவில் நாற்பது பக்கங்களை அச்செடுத்து, குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுத்தேன். அயல்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் படித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். மதிப்பில்லாத தாளைப் படித்துவிட்டு யாரும் கேள்வி கேட்பதில்லை, ஐயா.

இவை இப்படி எல்லோருக்கும் திறந்து கிடைப்பது எளிதில் வந்ததும் இல்லை. அரசுத் தலைவர்களின் மாநாடு வேறு முடிவெடுக்கும்வரை ஆணையத்தின் நடவடிக்கைகள் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்கிறது சாசனத்தின் 59ஆம் பிரிவு. தொடக்க ஆண்டுகளில் எந்த நாட்டுக்கு எதிராக யார் முறையிட்டார் என்பதைக்கூட வெளியார் அறிய வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் முடிவுகளைத் தேடித் தொகுத்து, பிழை பார்த்து, உலகில் யார் கேட்டாலும் கொடு என்று பொதுவில் வைத்தவர்களின் உழைப்பைத்தான் தங்கள் இதழ் ஒரே வரியில் தள்ளிவிட்டது. ஆப்பிரிக்க மனித உரிமைகள் நீதிமன்றத்தில் தனிமனிதர்கள் நேரடியாக வழக்கிட அனுமதித்த ஒப்புதலை ருவாண்டா 2016இலும், நீதிமன்றம் அமைந்திருக்கும் தான்சானியாவே 2019இலும் திரும்பப் பெற்றுக்கொண்டன. இப்படி நீதிமன்ற வாசல் குறுகும் காலத்தில், எழுதி வைத்த வாதங்களாவது எல்லோர் கைக்கும் எட்ட வேண்டாமா?

போலி ஆய்விதழ்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. எழுதுகிறவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களால் நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளும் கெட்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் குற்றம் மதிப்பீடு இல்லாமல் வெளியிடுவது. வாசகரிடம் காசு கேட்காமலிருப்பது எப்படிக் குற்றமாகும்? இந்த இரண்டையும் கட்டுரையாளர் ஒன்றாகக் கட்டிவிட்டார்.

கல்வி நிறுவனங்களுக்காக ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அரசு மூன்று ஆண்டுகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதை இதே கட்டுரை பாராட்டுகிறது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கு நல்லதுதான். வட்ட நீதிமன்ற வழக்கறிஞருக்கும், கிராம சபையின் வன உரிமைக் குழுவுக்கும், வேலையில்லாத சட்டப் பட்டதாரிக்கும் அதில் இடமில்லை என்பதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். தெற்காசியாவுக்கென்று ஒரு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது. பிற கண்டங்களின் அனுபவத்தைப் படித்துத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது. அந்தப் படிப்பும் காசுள்ளவர்களுக்கு மட்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே பொருளில் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் ஆய்விதழின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் மட்டும் நீக்கிவிட்டீர்கள். அவற்றுக்காகவே எழுதிய கடிதம் அது. இதைப் பல நாள் மனத்துக்குள் வைத்திருந்தேன், இப்போது சொல்ல நேர்ந்துவிட்டது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மேலே குறிப்பிட்ட ஆய்விதழும் அறிக்கைத் தொகுப்பும் அறிஞர்களால் நடத்தப்படுபவை, கட்டணமின்றிக் கிடைப்பவை என்று அவற்றின் பெயரோடு குறிப்பிட்டால் போதும். இடம் பற்றாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், அந்தப் பெயர்களை மட்டும் இம்முறை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வழக்கறிஞர், ஈரோடு மாவட்டம்